ஐந்து வாக்கு குறைவு

என் அக்கா எரேந்திரா மெக்சிகோவிலிருந்து வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டால்ட்டன் என்ற ஊரில், கம்பள ஆலைகளுக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில், அடுத்த வருஷம் நான் பிறந்தேன். அந்த ஒரு வருஷத்தில் எல்லாம் மாறிவிட்டது. எனக்கு இந்த நாட்டின் பாஸ்போர்ட் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. ஒரே கட்டிலில் படுத்தோம், ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனோம், ஒரே பாதிரியாரிடம் முதல் நற்கருணை வாங்கினோம். ஆனாலும் சட்டத்துக்கு நான் ஊர்க்காரி, அவள் யாரோ.

அக்கா இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வாள். சாப்பிட்டு முடித்ததும், "மேடம் அமெரிக்கா, பாத்திரம் கழுவ வர்றீங்களா, இல்ல தூதரகத்துக்கு எழுதிப் போடணுமா?" என்பாள். அப்பா சிரிப்பார். அவருக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அதனால் சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொள்வார்.

அப்பா இலாரியோ கம்பள ஆலையில் சாயம் போடும் பிரிவில் வேலை பார்த்தார். எனக்குப் பதினான்கு வயதானபோது ஒரு நாள் வேலை முடிந்து காரில் வந்துகொண்டிருந்தவரைப் போலீஸ் நிறுத்தியது. வண்டியின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை. ஓட்டுநர் உரிமம் அவரிடம் இல்லை. குடியேற்றத் தாள் இல்லாதவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை, எங்களைப் போன்ற வீடுகளில் யாரிடமும் இருந்ததில்லை. சில வாரங்கள் எங்கோ ஒரு தடுப்பு மையத்தில் வைத்திருந்தார்கள். பிறகு டெக்ஸாஸ் எல்லைக்குக் கொண்டுபோய், பாலத்தைக் கடந்து மெக்சிகோவுக்குள் நடக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் தன் சொந்த ஊரான கிரோகாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே சித்தப்பா மகன் ஒருவருக்குக் கார்னீத்தாஸ் கடை இருந்தது. பெரிய செப்புக் கொப்பரையில் பன்றிக் கொழுப்பைக் காய்ச்சி, அதிலேயே இறைச்சியைப் பொன்னிறமாக வேகவிடும் கடை. அப்பா அங்கே கரண்டி பிடித்தார்.

அம்மா ஒஃபேலியாவிடமும் அக்காவைப் போலவே எந்தத் தாளும் இல்லை. அதனால் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் நான் மட்டும் விமானம் ஏறி அப்பாவைப் பார்க்கப் போனேன். அக்கா பெட்டியை அடுக்கிக்கொடுப்பாள். அவருக்குப் பிடித்த பல் பிரஷ், வேர்க்கடலை வெண்ணெய், ஆலை நண்பர்கள் கொடுத்த தொப்பி.

"ஃபோட்டோ எடுக்காதடி. ஃபோட்டோவுல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. நீ பாத்துட்டு வந்து சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

"எல்லாத்தையும்."

திரும்பி வந்ததும் கதவைச் சாத்திவிட்டு விசாரணை ஆரம்பமாகும். எப்போது எழுந்திருக்கிறார்? காப்பியில் இன்னும் பட்டை போடுகிறாரா? நடக்கும்போது முழங்கால் வலிக்கிறதா? கடையில் யாரோடு பேசுகிறார்? நான் கொண்டுபோன சட்டைகளில் கொழுப்பு வாசம் ஏறியிருக்கும். அம்மா அவற்றைத் துவைக்கப் போட்டால் அக்கா ஒன்றை மட்டும் எடுத்து ஒளித்துவைத்துக்கொள்வாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

அவள் போக முடியாமல் இல்லை. பேருந்தில் ஏறினால் எல்லை வந்துவிடும், போகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. திரும்பி வரத்தான் முடியாது. வயது வந்த பிறகும் தாள் இல்லாமல் இத்தனை வருஷம் இருந்தவள் ஒருமுறை வெளியே கால் வைத்தால், பத்து வருஷத்துக்கு உள்ளே வரத் தடை. பதினெட்டு வயதிலிருந்தே அவளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டின் கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. எல்லோரும் அதைக் கனவுச் சட்டம் என்றார்கள். குழந்தைகளாகக் கொண்டுவரப்பட்டு இங்கேயே பள்ளி முடித்தவர்கள், கல்லூரிக்கோ ராணுவத்துக்கோ போனால், இங்கே இருக்க அனுமதி கிடைக்கும். கொஞ்ச காலம் கழித்துக் குடியுரிமையும் கேட்கலாம். பத்து வருஷமாக இந்தச் சட்டம் வருவதும் போவதுமாக இருந்தது. இந்தமுறை கீழவையில் நிறைவேறிவிட்டது. மேலவைதான் பாக்கி.

அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்லூரியில் இரண்டு பருவம் படித்தாள். தாள் இல்லாததால் வெளிமாநிலத்தவருக்கான பல மடங்கு கட்டணம் கேட்டார்கள், அதனால் நிறுத்திவிட்டு ஒரு ரொட்டிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் அந்த மாதங்களில் அவள் பேசியதெல்லாம் வேறு.

"சட்டம் வந்ததும் முதல்ல என்ன பண்ணுவேன் தெரியுமா? அப்பாவோட கடை வாசல்ல போய் நின்னு, 'அரைக்கிலோ கொடுங்க, கொழுப்பு இல்லாம'ன்னு கேப்பேன். அவர் தலை நிமிராம வெட்டிட்டே இருப்பார். அப்புறம் நிமிர்வார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்ளோதான்" என்பாள். அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியாது.

எங்கள் மாநிலத்தின் இரண்டு மேலவை உறுப்பினர்களும் சட்டத்துக்கு எதிர். அவர்கள் மனத்தை மாற்ற வேண்டுமானால் உள்ளூர்க்காரர்கள் அவர்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று சட்டத்துக்காகப் பாடுபட்ட அக்காவின் கூட்டாளிகள் சொன்னார்கள். வாக்குரிமை உள்ளவர்களின் குரல்தான் எடுபடும். அதனால் அக்கா வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன். முதலில் போனது பக்கத்து வீட்டு மிஸ் லர்லீனிடம்.

மிஸ் லர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் வகுப்பிலிருந்து அக்காவைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். இங்கிலீஷ் தெரியாமல் அழுதுகொண்டே ஏறிய அக்காவைத் தன் இருக்கைக்குப் பின்னாலேயே உட்காரவைத்து, வழியில் தெரிகிற பசு, டிராக்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே ஓட்டினாராம். கோடையில் தோட்டத்துத் தக்காளியைக் கூடையோடு கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

அன்று தோட்டத்தில் காய்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் வாரியலைக் கீழே வைத்தார்.

"நான் ஏற்கனவே ஃபோன் பண்ணிட்டேன், கண்ணு."

அக்காவின் முகம் மலர்ந்தது. "பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன். வேண்டாம்னு சொல்லத்தான் பண்ணினேன்." அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "உன்கிட்ட மறைக்கப் பிடிக்கல."

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டாள். "ஏன், மிஸ் லர்லீன்?"

"இங்க பாரு. உன்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? முறைப்படி வரிசையில நின்னு வர்றவன் முட்டாளா? என் அண்ணன் மகன் கல்யாணம் பண்ணின பொண்ணு பிலிப்பைன்ஸ்காரி. அவ எத்தனை வருஷம் காத்துக் கிடந்தா தெரியுமா?"

"அந்த வரிசை எங்க இருக்குன்னு காட்டுங்க. இப்பவே போய் நிக்கிறேன். மழையோ வெயிலோ, நிக்கிறேன். எனக்கு வரிசையே இல்லைங்க. அஞ்சு வயசுல என்னைக் கார் பின்சீட்டுல போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. எங்க போறோம்னுகூட எனக்குத் தெரியாது."

"உன் அப்பா அம்மாவுக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதுக்குத்தான் அப்பா இப்ப அங்க இருக்காரே. இன்னும் யாருக்கு என்ன தண்டனை வேணும்?"

மிஸ் லர்லீன் காலால் இலைகளை ஒதுக்கினார். பிறகு, "உனக்கு மட்டும்னு ஒரு சட்டம் போட்டா நானே வாஷிங்டன் போய்க் கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

"எல்லாருக்கும் ஒரு பக்கத்து வீடு இருக்கும், மிஸ் லர்லீன். அவங்களும் இதையேதான் சொல்லிட்டிருப்பாங்க" என்றாள் அக்கா.

அவர் வாரியலை எடுத்துக்கொண்டார். நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போனோம். அந்தத் தெருவில் சிலர் பேசுவதாகச் சொன்னார்கள், சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் நாய்க்குச் சோறு வைப்பதை நிறுத்தாமலே நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "யோசிக்கிறேன்" என்றார். அக்கா எல்லோருக்கும் நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

வாக்கெடுப்புக்கு முதல் நாள் தேவாலயத்தின் வேனில் வாஷிங்டன் புறப்பட்டோம். பாதிரியார் ஓட்டினார். பள்ளிப் பட்டமளிப்பில் போட்ட அங்கியையும் தொப்பியையும் எல்லோரும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அம்மா அக்காவின் அங்கியை இஸ்திரி போட்டாள். வழியில் போலீஸ் நிறுத்தினால் என்னாகும் என்று வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை. பாட்டுப் பாடினார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வர்ஜீனியாவின் மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை. மேலவையின் மாடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். கைதட்டக் கூடாது, பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது என்று காவலர் முன்பே சொல்லிவிட்டார். கீழே உறுப்பினர்கள் தோளில் தட்டிக்கொண்டு, காகிதங்களைப் புரட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் எழுந்து, இது பொதுமன்னிப்பு அல்லாமல் வேறென்ன, இன்றைக்கு இதைக் கொடுத்தால் நாளைக்கு இன்னும் லட்சம் பேர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டுவார்கள் என்றார். இன்னொருவர் எழுந்து மாடத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். இந்தப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் தினமும் நெஞ்சில் கைவைத்து நம் கொடிக்கு உறுதி எடுத்தவர்கள், இவர்களுக்கு வேறு எந்தக் கொடியும் தெரியாது என்றார். அப்போது எல்லோரும் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பள்ளியில் பரிசு வாங்கப் போகும்போது அப்படித்தான் செய்வாள்.

பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். எங்கள் மாநிலத்தின் இருவரும் வேண்டாம் என்றார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனால் வேண்டும் என்று சொல்வார்கள் என நம்பியிருந்த சிலரும் வேண்டாம் என்றபோது, என் பக்கத்தில் இருந்த பையன் ஒருவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். கடைசியில் தலைமை இருக்கையில் இருந்தவர் எண்ணிக்கையைப் படித்தார். ஆதரவாக ஐம்பத்தைந்து. எதிர்த்தவர்களைவிட அதிகம். ஆனால் அவர்கள் விதிப்படி விவாதத்தை முடித்துச் சட்டத்தை எடுத்துக்கொள்ள அறுபது வேண்டும். ஐந்து வாக்கு குறைந்தது. அவர் அடுத்த அலுவலுக்குப் போய்விட்டார்.

சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் யாரும் சத்தம் போடவில்லை. படியிறங்கித் தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பாதிரியார் ஜெபம் சொன்னார். அக்கா அழவில்லை. அங்கியைக் கழற்றி நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பசிக்குதுடி. நேத்து சாயங்காலத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அப்பாவோடு தொலைபேசியில் பேசுவாள்; அழுதுவிடுவேன் என்று அக்கா அதைக் கையில் வாங்குவதே இல்லை. வாக்கெடுப்பு முடிந்த சில வாரங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, அம்மா சமையலறையில் இருந்ததால் அக்கா போய் எடுத்தாள். "ஹலோ, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது. "நல்லா இருக்கேன், ஒஃபேலியா. பிள்ளைங்க எங்க? எரே வீட்டுல இருக்காளா? அவ மனசு உடைஞ்சுபோயிருக்கும். நீ அவகிட்டப் பேசினியா?"

அக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். "பேசினேன். நல்லாத்தான் இருக்கா" என்று அம்மாவின் குரலிலேயே சொன்னாள். பிறகு தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"என் குரல் எதுன்னு அவருக்குத் தெரியலடி" என்றாள். "அவர் போகும்போது எனக்கு எந்தக் குரல் இருந்துச்சோ, அதைத்தான் அவர் மனசுல வச்சிருக்காரு."

அன்றே அவள் தீர்மானித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாய்விட்டுச் சொன்னது வசந்த காலத்தில்தான், தெருவில் டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்த பிறகு. அதற்குள் எங்கள் மாநிலமே தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. உள்ளூர்ப் போலீசே தாள் கேட்கலாம் என்றார்கள். அம்மா வேலைக்குப் போய்வருவதே பயமாக இருந்தது.

"நான் அப்பாகிட்டப் போறேன்" என்றாள் அக்கா, சோற்றுத் தட்டின் முன்னால்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "பைத்தியமா உனக்கு? பத்து வருஷம்! பத்து வருஷம் திரும்ப முடியாது."

"இங்க இருந்தா மட்டும் என்னம்மா? இன்னும் பத்து வருஷம் வாக்கெடுப்பு பாத்துட்டு உக்காந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அஞ்சு பேர் குறையும்."

"நாம எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னுதான்டி எல்லை தாண்டி வந்தோம். அந்த மனுஷன் போனாரு. இப்ப நீயும் போறேங்கிற. நான் யாரைப் பாத்துட்டு இருக்க?"

"யூரி இருக்கா."

யூரி என்பது நான்தான். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் படிப்பு முடியும்வரை நகர மாட்டாள் என்று மூவருக்கும் தெரியும். அம்மா ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. பிறகு அவளுக்காக ஒரு ஸ்வெட்டர் வாங்கிவந்தாள். கிரோகாவில் காலையில் ஏரிக்காற்று குளிரும் என்றாள்.

மெக்சிகோ போகிற பேருந்துகள் அட்லாண்டாவில் கிளம்பும். அதுவரை யார் கொண்டுபோய் விடுவது? எனக்கு அப்போது ஓட்டக் கற்றுக்கொள்ளும் வயது, உரிமம் இல்லை. அம்மா நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்து. அக்காவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மிஸ் லர்லீன் காரை எடுத்துவந்தார். அம்மா எங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலேயே அக்காவின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பாதி வழியில் மிஸ் லர்லீன் சாலையைப் பார்த்தபடியே, "அன்னிக்கு நான் ஃபோன்ல பேசினது உன்னை நினைச்சு இல்ல, கண்ணு" என்றார்.

"தெரியும்."

"என் வீட்டுலயே இருந்துக்க. மாடி அறை காலியாத்தான் கிடக்கு. உன்னை யாரும் தேடி வர மாட்டாங்க. வந்தா நான் பாத்துக்கறேன்."

"மாடி அறையில எத்தனை வருஷம் இருக்கறது, மிஸ் லர்லீன்?"

அட்லாண்டாவுக்கு முன்னால் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கித் திரும்பும் வழி வந்தபோது மிஸ் லர்லீன் காரை மெதுவாக்கினார். "இப்பச் சொல்லு. திருப்பட்டுமா?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சாலையோரப் பைன் மரங்கள், பர்கர் கடைகள், தேவாலயத்தின் அறிவிப்புப் பலகை. அவள் அத்தனையையும் ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொள்வதுபோல் இருந்தது. பிறகு, "நேராவே போங்க" என்றாள்.

பேருந்து நிலையத்தில் மிஸ் லர்லீன் அவளை விடவே இல்லை. என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அப்பாவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அக்கா ஆசைப்பட்டபடியே கடை வாசலில் போய் நின்று, அரைக்கிலோ, கொழுப்பு இல்லாமல் என்று கேட்டாளாம். அப்பா தலை நிமிராமல், "கொழுப்பு இல்லாமன்னா கோழிக்கடைக்குப் போம்மா" என்றாராம். பிறகு நிமிர்ந்தாராம். அதற்கு மேல் என்ன நடந்தது என்று இருவருமே எனக்குச் சொன்னதில்லை.

அக்காவுக்கு மொரேலியா நகரத்தில், அமெரிக்க வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எடுக்கும் ஒரு கால் சென்டரில் வேலை கிடைத்தது. அமெரிக்காவின் தெற்கத்திக்காரர்களைப் போல இழுத்து இழுத்துப் பேசுகிற அவளுடைய இங்கிலீஷ் அங்கே எல்லோருக்கும் பிடித்தது. தினமும் பேருந்தில் போய்வந்தாள். கிரோகாவில் அவளுடைய ஸ்பானிஷைக் கேட்டு, "அமெரிக்காக்காரி வந்துட்டா" என்று கடைப்பையன்கள் சிரிப்பார்கள். "அங்க மெக்சிகோக்காரி, இங்க அமெரிக்காக்காரி. நடுவுல எங்கயாவது ஒரு நாடு இருந்தா சொல்லுங்கடா" என்பாள்.

அடுத்த வருஷம் கோடையில் நான் போனபோது ஒரு வெள்ளிக்கிழமை கடையில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அன்று விடுமுறை. மதிய நேரம், கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கூப்பிட்டாள். "டி.வி. போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தொலைக்காட்சியில் அமெரிக்க ஜனாதிபதி வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். சட்டம் வராவிட்டாலும், குழந்தைகளாக வந்தவர்களை இனி வெளியேற்றப் போவதில்லை, வேலை செய்ய அனுமதி உண்டு என்றார்.

நான் என் ஃபோனில் நிபந்தனைகளைத் தேடி எடுத்தேன். அக்கா, "படிடி" என்றாள்.

"பதினாறு வயசுக்கு முன்னாடி வந்திருக்கணும்."

"வந்தேன்."

"பள்ளிக்கூடம் முடிச்சிருக்கணும்."

"முடிச்சேன்."

"குற்றம் எதுவும் இருக்கக் கூடாது."

"கிடையாது."

அடுத்ததை நான் படிக்காமல் நிறுத்தினேன். அவளே என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். இன்றைய தேதியில் அமெரிக்காவுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அவள் ஃபோனை மேசையில் கவிழ்த்துவைத்தாள்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியாது. எங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றாரு அவரு?"

"நல்ல செய்திதான்பா. நம்ம பசங்களுக்கு அனுமதி கொடுக்கறாங்க."

"உனக்கு?"

"நான்தான் இங்க இருக்கேனேப்பா."

அப்பா நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, சூடான டோர்ட்டியா என்ற சோள ரொட்டியில் வைத்து, எலுமிச்சை பிழிந்து அவள் முன்னால் வைத்தார். பிறகு கடைக்குப் பின்னால் போனார். வெகுநேரமாகியும் வரவில்லை. அக்கா எழுந்து போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது.

"நான் உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கணும்."

"எப்படி அனுப்புவீங்க? பாலத்துல ஒரு பக்கம்தானே கதவு."

"நீ வராம இருந்திருந்தா..."

"வராம இருந்திருந்தா உங்களுக்கு என் குரலே மறந்துபோயிருக்கும்பா. வாங்க. இறைச்சி கருகுது."

அந்த ஞாயிறு ஏரிக்கரையில் நடக்கும்போது நானே கேட்டுவிட்டேன், வருத்தமாக இருக்கிறதா என்று.

"அப்பா முகத்தைப் பாத்துட்டு இருக்கும்போது தோணாது. காலையில பஸ்ல உக்காந்ததும் தோணும்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்: "போன வாரம் ஒரு கிழவர் கூப்பிட்டாரு. அவர் வீட்டு இன்டர்நெட் வேலை செய்யல. முகவரி கேட்டா, நம்ம ஊர்டி. நம்ம பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி தெரு. எல்லாம் சரிபண்ணிட்டு, 'அங்க மழையா?'ன்னு கேட்டேன். 'ஆமாம்மா, காலையில இருந்து'ன்னாரு. 'நீ பேசறது நம்ம பக்கம் மாதிரியே இருக்கே, எந்த ஊரு?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"டால்ட்டன்னு சொன்னேன். 'அப்ப உனக்கும் மழைதான்'னாரு. ஆமாங்கன்னேன்." அவள் சிரித்தாள். "இங்க அன்னிக்கு நெருப்பு வெயில்."

விமான நிலையத்துக்கு என்னைக் கொண்டுவந்து விட்டபோது ஒன்றே ஒன்று கேட்டாள். ஊருக்குப் போனதும் காரில் ஏறி, மாலை நேரத்தில், பழைய நூலாலைச் சாலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு ஃபோனை வெளியே நீட்ட வேண்டும். பேசக் கூடாது.

எனக்கு அப்போது உரிமம் வந்திருந்தது. போன மறுநாளே, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. கூட்ஸு கொடி மூடிய மரங்களிலிருந்து சில்வண்டுகள் ஒரே குரலில் இரைந்தன. வண்டியை ஓரமாக நிறுத்தி, அக்காவைக் கூப்பிட்டுவிட்டு, ஃபோனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். தூரத்தில் சரக்கு ரயில் ஒன்று ஊதியது. எங்கோ ஒரு வீட்டில் நாய் குரைத்தது, யாரோ அதை அதட்டினார்கள். அம்மா தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சத்தம் வராமல்.

என் கை வலிக்க ஆரம்பித்தது. ஃபோனைக் காதருகே கொண்டுவந்து, "அக்கா, கேக்குதா? வச்சிடவா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள்.

நான் மறுபடி கையை வெளியே நீட்டினேன்.